ஒரு நாட்டுக்காகப் பேசுவது: மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

ஒரு சனிக்கிழமை, ஹட்டனில் நான் வகுப்பெடுக்கும் இடத்துக்கு உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி பெரிய ஃபைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாதிரி ஐ.நா. மாநாடு ஒன்றில் அவளுக்குக் கென்யா கிடைத்திருந்தது. ஃபைலுக்குள் நாற்பது பக்கம். நைரோபி தலைநகரம், கொடியின் நிறங்கள், மக்கள்தொகை, மசாய் மாரா சிங்கங்கள், மரதன் ஓட்டக்காரர்கள் எல்லாம் இருந்தன. அத்தனையும் சரியான தகவல்.

"சரிம்மா, நீ பேசப்போகிற விஷயத்தில் கென்யாவுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.

புரட்டிப் பார்த்தாள். "அது இதுல இல்லையே, டீச்சர்" என்றாள்.

தவறு அவளுடையது இல்லை. "நாட்டைப் பற்றி ஆராய்ந்து வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம், ஆராய்வது எப்படி என்று யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் பிள்ளைகள் ஒரு நாட்டின் பொதுஅறிவுப் புத்தகத்தையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். மாநாட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை. அங்கே போய் வாயடைத்து உட்கார்ந்துவிட்டு, "இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் சரி" என்று முடிவுகட்டித் திரும்பிவருகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காதது இந்தக் கடைசி முடிவுதான்.

இது என்ன மாநாடு?

மாதிரி ஐ.நா. என்பது, மாணவர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டம்போல ஒன்றை நடத்திப் பழகுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு கிடைக்கும். அந்த நாட்டுக்காகப் பேசுபவர் 'பிரதிநிதி'. ஒரு பிரச்சினையைப் பற்றி ஒன்றிரண்டு நாள் பேசி, பேரம்பேசி, கடைசியில் 'தீர்மானம்' ஒன்றை எழுதி வாக்கெடுப்பார்கள். தீர்மானம் என்றால் சபை என்ன செய்யச் சொல்கிறது என்று எழுதப்பட்ட பத்திரம். அதற்கு முன்பே, உங்கள் நாடு அந்தப் பிரச்சினையை எப்படிப் பார்க்கிறது என்று ஓரிரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அது 'நிலைப்பாட்டு அறிக்கை'.

பேச்சுப்போட்டிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பேச்சுப்போட்டியில் உங்கள் கருத்தைச் சொல்கிறீர்கள். இங்கே சொல்லவேண்டியது உங்களுக்குக் கிடைத்த நாட்டின் கருத்து. மியன்மார் கிடைத்தால், ரோஹிங்கியா மக்களின் குடியுரிமை பற்றி அந்த அரசு சொல்வதைத்தான் நீங்களும் சொல்லவேண்டியிருக்கும். அதைச் சொல்வதால் நீங்கள் அதற்கு உடன்பட்டவராக ஆகமாட்டீர்கள். ஓர் அரசு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று உள்ளேயிருந்து பார்க்க அது ஒரு வாய்ப்பு. வெளியே வந்ததும் உங்கள் கருத்து உங்களுடையதே.

தோட்டத் தலைவருக்குத் தெரிந்த வித்தை

பிரதிநிதியின் வேலை நம் ஆட்களுக்குப் புதிதல்ல. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசப் போவதை நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் கொழுந்து குறைவு. சொன்ன கிலோவை எடுக்க முடியவில்லை. கணக்கில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள். பெண்கள் கோபமாக இருக்கிறார்கள். தலைவர் ஆபீசுக்குப் போகும்போது தோட்டம் எத்தனை ஹெக்டயர், எந்த வருடம் தொடங்கியது என்று மனப்பாடம் செய்துகொண்டு போவதில்லை. அவர் மனதில் வேறு கணக்கு ஓடும். நம் ஆட்களுக்கு எது கட்டாயம் வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், துரை எதற்குப் பயப்படுகிறார், போன ஒப்பந்தத்தில் எழுதியது என்ன, பக்கத்து டிவிஷன்காரர்கள் கூட நிற்பார்களா என்ற கணக்கு அது. அதோடு, தனக்குச் சொந்தமாக என்ன தோன்றினாலும், தன்னை அனுப்பியவர்கள் ஏற்காத ஒன்றுக்கு அவர் தலையாட்ட முடியாது.

இந்தக் கணக்கை ஒரு நாட்டுக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டுக்கு உண்மையில் வேண்டியது, அல்லது அது இழக்க விரும்பாதது, அதன் 'நலன்'. அந்த நலனைக் காப்பாற்ற அது சபையில் எடுத்துச் சொல்லும் கருத்து 'நிலைப்பாடு'. நிலைப்பாடு வெளியே தெரியும் கொழுந்து, நலன் மண்ணுக்குள் இருக்கும் வேர். பெரும்பாலான மாணவர்கள் கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள். எதிரே இருப்பவர் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

நம் கூரைச் சீட்டும் ரஷ்யாவும்

நலன் எப்படி நிலைப்பாடாக மாறுகிறது என்பதைக் காட்ட நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுக் கூரையில் தொடங்குகிறது.

அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட வீடுகளை மலையகத்தில் எங்கும் பார்க்கலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையும் அதன் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து நிறுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு என்ற பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. உடனே ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. சில வாரங்களுக்குள் இலங்கை தன் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது.

உலகிலேயே அதிகமாக அஸ்பெஸ்டஸ் எடுக்கும் நாடு ரஷ்யா. நம் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்றும் ரஷ்யா. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இனி இதைச் சபைக்குக் கொண்டுபோவோம். ஆபத்தான இரசாயனங்களின் வியாபாரம் பற்றி 1998ல் உருவான ரொட்டர்டாம் சமவாயம் என்று ஒன்று இருக்கிறது. 'சமவாயம்' என்றால் பல நாடுகள் சேர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம். இதன் பட்டியலில் ஒரு பொருள் சேர்ந்தால், அதை ஏற்றுமதி செய்பவர் வாங்கும் நாட்டின் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். வெள்ளை அஸ்பெஸ்டஸைப் பட்டியலில் சேர்க்கப் பலமுறை முயன்றார்கள். சேர்ப்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் ஒத்துக்கொள்ளாததால் அது நின்றுபோனது.

ரஷ்யா கிடைத்த மாணவர் இந்தக் கூட்டத்தில் "மக்கள் ஆரோக்கியமே முக்கியம், உடனே சேருங்கள்" என்று பேசினால் கைதட்டல் கிடைக்கலாம், ஆனால் அவர் ரஷ்யாவாகப் பேசவில்லை. இலங்கை கிடைத்தவருக்கு இன்னும் சிக்கல். ஒரு கையில் நம் நுரையீரல், மறு கையில் நம் தேயிலை. அந்தச் சிக்கலை உணர்ந்து பேசுகிறவர்தான் உண்மையான பிரதிநிதி.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நாடு சபையில் சொல்வது நிலைப்பாடு, அதற்குக் கீழே இருப்பது நலன். அந்த நலனைத் தேட, அந்த நாடு எதை விற்கிறது, எதை வாங்குகிறது, யாரிடம் கடன் பட்டிருக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

எந்த நாடும் மேடையில் சமாதானத்துக்கு எதிராகப் பேசாது. வறுமை ஒழிய வேண்டாம் என்று சொல்லாது. அதனால் பேச்சை மட்டும் படித்தால் 193 உறுப்பு நாடுகளும் ஒரே மாதிரித் தெரியும். வித்தியாசம் தெரிவது கை தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும்தான்.

முதலில் வாக்கு. 2022 மார்ச் 2 அன்று, ரஷ்யா உக்ரேனிலிருந்து வெளியேறவேண்டும் என்ற தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35. ஆதரவும் எதிர்ப்பும் சொல்லாமல் விடுவதற்குப் பெயர் 'நடுநிலை வகித்தல்'. இலங்கை நடுநிலை வகித்தது, இந்தியாவும் அப்படியே. ஆபிரிக்காவில் கென்யா ஆதரித்தது, தென்னாபிரிக்கா நடுநிலை, எரித்திரியா எதிர்ப்பு. ஒரே கண்டம், மூன்று விதம். "ஆபிரிக்க நாடுகள் எல்லாம் இப்படித்தான்" என்று எழுதுகிற கையை நிறுத்த இந்த ஒரு வாக்கெடுப்பே போதும்.

அப்புறம் கையெழுத்து. இதில் பலரும் தடுமாறுகிறார்கள். சமவாயத்தில் 'கையெழுத்திடுவது' வெற்றிலை பாக்கு மாற்றுவதுபோல. விருப்பம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று, ஆனால் கல்யாணம் முடியவில்லை. நாடு தன் சட்டப்படி அதை முழுதாக ஏற்றுக்கொண்டு அறிவிப்பது 'ஏற்புறுதி'. அதுதான் தாலி. அமெரிக்கா சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 1995ல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அப்படி நிற்பது அது ஒன்றுதான். "அமெரிக்கா சிறுவர் உரிமைச் சமவாயத்தின் உறுப்பினர்" என்று அறிக்கையில் எழுதிவிட்டால், எதிரே இருப்பவர் ஒரே வரியில் உங்களைக் கவிழ்த்துவிடுவார்.

யாரோடு நிற்கும்?

தனியாக ஒரு நாடு தீர்மானத்தை நிறைவேற்ற முடியாது. கூட நிற்கும் நாடுகளின் கூட்டம் 'அணி'. வளரும் நாடுகளின் பெரிய அணி ஜி77. 1964ல் 77 நாடுகளோடு தொடங்கி இன்று 134ஆக வளர்ந்திருக்கிறது.

ஒரே அணியில் இருப்பதால் ஒரே கருத்து என்று நினைத்துவிடக் கூடாது. கடல் ஏறினால் காணாமல் போகக்கூடிய மாலைதீவும் அதில் இருக்கிறது, எண்ணெய் விற்று வாழும் சவூதி அரேபியாவும் அதில் இருக்கிறது. பணக்கார நாடுகள் காலநிலைக்குக் காசு தரவேண்டும் என்பதில் இரண்டும் சேர்ந்து நிற்கும். எண்ணெய் பாவனையைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் பிரிந்துவிடும். எந்த வரி வரைக்கும் கூட வருவார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள், பேரம் நடப்பது அந்த வரியில்தான்.

இன்னொன்று. உங்களுக்குக் கிடைத்தது எந்தச் சபை என்று பாருங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக் கமிட்டி தேர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று முடிவெடுக்கலாம், சம்பளத்தைக் கூட்ட முடியாது. அதுபோலத்தான், பொதுச்சபையில் எல்லா நாட்டுக்கும் ஒரு வாக்கு, ஆனால் அதன் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரை மட்டுமே. படை அனுப்பவும் தடை விதிக்கவும் கட்டளையிடக்கூடியது பாதுகாப்புச் சபை. அதில் 15 நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய ஐந்தில் ஒன்று எதிர்த்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். அந்த அதிகாரத்துக்குப் பெயர் 'வீட்டோ'.

பிரச்சினையை எப்படிப் பிரிப்பது: நாடற்ற நிலை

அந்த மாணவியின் தலைப்பு 'நாடற்ற நிலை'. எந்த நாட்டின் சட்டமும் ஒருவரைத் தன் குடிமகன் என்று ஏற்காவிட்டால் அவர் நாடற்றவர். 1954ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம் சொல்லும் விளக்கம் கிட்டத்தட்ட இதுதான். அகதி வேறு. அகதி பயத்தில் நாட்டைவிட்டு ஓடியவர், அவருக்குக் குடியுரிமை இருக்கலாம். நாடற்றவர் பிறந்த வீட்டைவிட்டு ஓரடி நகராமலேயே நாடற்றவர் ஆகலாம்.

எங்கள் தாத்தா பாட்டிக்கு நடந்தது அதுதானே. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் ஏழு இலட்சம் பேரை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தது. அந்த மிச்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். முழுக்கதை முடிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, மேசையில் இரண்டு அரசுகள் உட்கார்ந்திருந்தன, பிரித்து எண்ணப்பட்ட மக்கள் அந்த மேசையில் இல்லை என்பது.

இந்தக் கதையிலேயே பிரச்சினையைப் பிரிக்கும் முறையும் இருக்கிறது. எந்தச் சட்டம் அல்லது செயல் அதை உண்டாக்கியது? யாரைப் பாதித்தது? இதுவரை என்ன முயன்றார்கள்? எங்கே போய் மாட்டிக்கொண்டது? எந்த உலகப் பிரச்சினையானாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சிக்கு அவிழத் தொடங்கும். நான்காவது கேள்வியில் அதிக நேரம் செலவிடுங்கள். மாட்டிக்கொண்ட இடத்தை அவிழ்க்கத்தானே தீர்மானம் எழுதுகிறோம்.

மறுபடியும் கென்யா

நாற்பது பக்கத்தை மூடிவைத்துவிட்டு, இந்தக் கேள்விகளோடு தேடு என்று அவளை அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"டீச்சர், அங்கேயும் நம்ம மாதிரி ஆட்கள் இருக்கிறாங்க" என்றாள்.

மக்கோண்டே மக்களைத்தான் சொன்னாள். மொசாம்பிக்கிலிருந்து 1930கள் தொடக்கம் கென்யாவின் கரையோரத்துக் கரும்பு, கற்றாழைநார்த் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். அங்கேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டும் குடியுரிமை இல்லாமல் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் நைரோபிக்கு நடைபயணம் போனார்கள். அதன் பிறகு ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா அவர்களைக் குடிமக்களாகப் பதியச் சொன்னார். கென்யாவின் 43ஆவது இனக்குழு என்று அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2011ல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. நாடு சுதந்திரமடைந்த 1963 டிசம்பர் 12 முதல் தொடர்ந்து அங்கே வாழ்ந்த நாடற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது.

இது அவளுக்குப் பெரிய பலம். நாடற்ற நிலையைத் தீர்த்துக்காட்டிய நாடு என்று கென்யா நிமிர்ந்து பேசலாம்.

ஆனால் வேரை இன்னும் தோண்டச் சொன்னேன். சோமாலிய எல்லைப்பக்கம் டடாப் என்ற பெரிய அகதிமுகாம் 1991லிருந்து இருக்கிறது. 2015 ஏப்ரலில், சோமாலியாவின் அல்-ஷபாப் ஆயுதக்குழு கென்யாவின் கரிசா பல்கலைக்கழகத்தில் நடத்திய தாக்குதலில் 148 பேர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2016ல் டடாப் முகாமை மூடப்போவதாக அரசு அறிவித்தது. 2017 பெப்ரவரியில் நாட்டின் மேல் நீதிமன்றமே (High Court) அதைத் தடுத்தது. மக்கோண்டே மக்களுக்குக் கதவு திறந்ததும், முகாமை மூடப்போவதாக அறிவித்ததும் ஒரே ஆண்டில்!

இங்கேதான் கென்யாவின் நலன் தெரிகிறது. நெடுங்காலமாகக் குடியிருக்கும் சிறிய சமூகங்களை ஏற்பதில் அதற்குப் பெரிய பயம் இல்லை. எல்லை தாண்டி வரும் பெருங்கூட்டத்தை நிரந்தரமாக ஏற்கச் சொன்னால் பயம். அகதிகளைத் தாங்கும் செலவில் மற்ற நாடுகளும் பங்கெடுக்கவேண்டும் என்பது தேவை. ஆகவே 'எல்லோருக்கும் உடனே குடியுரிமை' என்ற வரியைக் கென்யா ஆதரிப்பது கடினம். 'நீண்டகாலம் வாழ்ந்த சமூகங்களுக்கு வழி, செலவுக்குச் சர்வதேச உதவி' என்ற வரிக்கு அது முன்னின்று ஆள் சேர்க்கும்.

அவள் உரையின் முதல் வரியில் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. இருந்தாலும் எடுக்கச் சொன்னேன். அங்கே நிற்பது கென்யா, கென்யாவுக்கு நோர்வூட்டில் பாட்டி இல்லை. அந்தப் பாட்டி அவளுக்குக் கொடுத்தது வேறொன்று: அடையாளப் பத்திரம் இல்லாதவருக்கு எந்தெந்தக் கதவு மூடும் என்ற அறிவு. அது தீர்மானத்தின் வரிகளுக்குள் போகட்டும். பிள்ளையின் பிறப்புப் பதிவு, பாடசாலைச் சேர்க்கை, வங்கிக் கணக்கு என்று அவள் எழுதிய வரிகள் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

எங்கே தேடுவது?

சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று, டேட்டா கார்ட்டை எண்ணி எண்ணிப் பாவிக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். நேரத்தை வீணாக்காமல் சில இடங்களுக்கு நேராகப் போங்கள்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் நாடுகளின் தலைவர்கள் ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றுகிறார்கள். அதற்குப் பொது விவாதம் என்று பெயர். உங்கள் நாட்டின் கடைசி இரண்டு மூன்று உரைகளைப் படியுங்கள், எது திரும்பத் திரும்ப வருகிறதோ அது அவர்களுக்கு முக்கியம். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் இருக்கிறது. கையெழுத்தும் ஏற்புறுதியும் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்புத் தளத்தில். அப்புறம் அந்த நாட்டு வெளிவிவகார அமைச்சின் தளம், அதற்கும் அப்புறம் அந்த நாட்டுப் பத்திரிகைகள். அரசு சொல்லாததைப் பத்திரிகை சொல்லும்.

விக்கிப்பீடியா வாசல், வீடு அல்ல. உள்ளே நுழைய உதவும், அதில் உள்ள எண்ணை அது காட்டும் மூலத்தில் போய்ப் பார்த்த பிறகே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் வாக்கு எண்ணிக்கையையும் திகதியையும் தயங்காமல் சொல்லும், சிலவேளை பிழையாகவும் சொல்லும். அதையும் அப்படியே சரிபாருங்கள்.

தமிழ்மூலத்தில் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பார்த்து ஒதுங்கவேண்டாம். ஐ.நா.வின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளில் ஆங்கிலம் ஒன்று, அவ்வளவுதான். நிஜ ஐ.நா.விலும் மொழிபெயர்ப்பைக் காதில் மாட்டிக்கொண்டே பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் தமிழில் யோசியுங்கள். கென்யாவுக்கு என்ன வேண்டும் என்று தமிழில் ஒரு வரி எழுத முடிந்தால், அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ஒரு சின்னச் சொல்லேடும் ஒரு நண்பரும் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும்.

கையில் கொண்டுபோகும் தாள்

மாநாட்டு நாளில் ஃபைலைப் புரட்ட நேரம் இருக்காது. ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே, நம் நாட்டுக்குக் கட்டாயம் வேண்டியது. அதன் கீழே, விட்டுக்கொடுக்கக் கூடியது, எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்காதது. ஓரத்தில் கூட நிற்கக்கூடிய நாடுகளின் பெயர். பின்பக்கத்தை முழுவதும் வேறொன்றுக்கு வையுங்கள். எதிரே இருப்பவர் கேட்டால் நமக்கு மிகவும் கஷ்டமான கேள்வி எது, அதற்கு நம் நாடு என்ன பதில் சொல்லும் என்பதற்கு.

அவளுடைய தாளின் பின்பக்கத்தில் முதல் கேள்வி இப்படி இருந்தது: "மக்கோண்டே மக்களை ஏற்றீர்கள், டடாப்பில் பிறந்த பிள்ளைகளை ஏன் ஏற்கவில்லை?" பதிலை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் வெட்டியிருந்தாள். நான்காவதை பஸ்ஸில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.